சராசரிக்கு ஒரு மயிரிழை மேலை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்டால் எங்கடை வீட்டிலை தேத்தண்ணிக்கு முதல் கொம்பியூட்டரிலை அண்ணாவின்ரை கோட்டைப் பாக்கவேணும். ஹம்பேர்க்கைச் சுத்தியிருக்கிற சின்னக் கிளப்புகளின்ரை பேஸ்போல் லீக்கிலை அண்ணா ஆடினவர். இணையத்திலை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம் இருக்கு. மட்டையோடை நிண்டதிலை எத்தினை முறை சரியா அடிச்சார் எண்ட அவரின்ரை கணக்கு நீலக் கோடு. லீக்கிலை ஆடின எல்லாரின்ரையும் சராசரி சாம்பல் கோடு. அண்ணா வேலைக்குப் போற வழியிலை, எஸ்-பான் ரெயினுக்குள்ளை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்ச நாளிலையிருந்து நீலக் கோட்டுக்கு அசைவில்லை. சாம்பல் கோடு மட்டும் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும். அண்ணா அதுக்கு ஒரு மயிரிழை மேலை.

அண்ணா இருக்கேக்கை அப்பா ஒரு மட்சுக்கும் போனதில்லை. "உலக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கை வெளிக்கிட்டாச்சு?" எண்டு நக்கலடிப்பார், அவ்வளவுதான். செத்தவீடு முடிஞ்சு கிளப்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டின பிறகுதான் அவருக்கு இந்தக் கோட்டுப் பைத்தியம் பிடிச்சது. வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுவார். "பாத்தியளே, மற்ற எல்லாரையும்விட இவன் கூட." அதைச் சொல்லேக்கை அந்த மனுசன்ரை குரல் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும்.

நானும் அதே அணியிலைதான் ஆடுறன். எங்கடை மட்டத்திலை ஆம்பிளை பொம்பிளை எண்ட பிரிவில்லை. ஒருநாள் அப்பா கோப்பையை வைச்சிட்டுக் கேட்டார்.

"நீ அடிக்கிறதும் உந்தச் சாம்பல் கோட்டுக்கை சேருமோ?"

"ஓம் அப்பா."

"அப்ப நீ அடிச்சால் அது மேலை போகும்."

"கொஞ்சம் போகும்."

அவர் கோப்பையைத் திருப்பி எடுத்துக் குடிச்சார். அடிக்காதை எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நல்லா அடிச்சனான் எண்டு வந்து சொன்னால் அண்டைக்கு அவர் சோத்தைப் பாதியிலை வைச்சிடுவார். ஒண்டும் அடிக்கேல்லை எண்டால் பொரிச்ச மீனிலை நல்ல துண்டு என்ரை தட்டுக்கு வரும். அந்தத் துண்டை நான் தட்டோரத்திலை ஒதுக்கி வைச்சிடுவன்.

போன பருவம் முழுக்க நான் மரம் மாதிரி நிண்டன். பந்து வடிவா, அடி அடி எண்டு வரும். கை எழும்பாது. ஆரோ என்ரை முழங்கையைப் பிடிச்சிருக்கிற மாதிரி. அது அண்ணா இல்லை எண்டு தெரியும். தெரிஞ்சும் பயம். செத்த ஆளிலையும் கோபம், இருக்கிற ஆளிலையும் கோபம். பயிற்சியாளர் கண்ணிலைதான் பிழை எண்டு கண் டொக்டரிட்டை நாள் குறிச்சு டெர்மின் எடுக்கச் சொன்னார். கண் எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சது.

இந்த வருசம் கடைசி மட்சுக்கு அப்பா தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டார். கம்பி வேலிக்குப் பின்னாலை, ஜக்கெற்றைக் கழுத்துவரைக்கும் இழுத்துப் பூட்டிக்கொண்டு நிண்டார். அண்ணாவின்ரை கோட்டுக்குக் காவலா வந்திட்டார் எண்டுதான் நினைச்சன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும் எண்டு விளாசினன். பந்து ஆக்களின்ரை தலைக்கு மேலாலை போச்சுது. ஓடி ரெண்டாவது பேஸிலை நிண்டு மூச்சு வாங்கேக்கைதான் சாம்பல் கோடு ஞாபகம் வந்தது. அண்ணாவை நானே கீழை தள்ளிப்போட்டன்.

மட்ச் முடிய வேலியடிக்குப் போனன். அப்பா கம்பிக்குள்ளை விரலைக் கோத்துக்கொண்டு அப்பிடியே நிண்டார். கோட்டைப் பற்றிக் கேப்பார் எண்டு நிண்டன். கேக்கேல்லை.

"அண்ணாவும் உப்பிடித்தானோ பிள்ளை ஓடுவான்?" எண்டார்.

"ஓம் அப்பா, உப்பிடித்தான்," எண்டன்.

அண்ணா ஓடேக்கை ஒவ்வொரு முறையும் இந்த வேலிப் பக்கம் தலையைத் திருப்பி, ஆரும் வந்து நிக்கினமோ எண்டு பாத்துக்கொண்டுதான் ஓடுவார். அதை நான் சொல்லேல்லை.