கோமதி கேட்ட ஒரு பீப்பாய் எண்ணெய்

கோமதி போய்விட்டாள் என்று அவள் மகன் போனில் சொன்னபோது, கூடவே கூடாது என்று அவள் கத்திய சோதனையைத்தான் ஹைதராபாத் சனத்நகர் தொழிற்சாலையில் நடத்திக்கொண்டிருந்தோம். எண்ணெயைக் குளிர்விக்கும் கருவிக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை. துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எங்கள் இடத்து வழக்கம் அது. எந்தத் திரவத்துக்கான கருவியானாலும் தண்ணீரில்தான் சோதிப்போம். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஒன்றாகப் பஸ்ஸில் வேலைக்கு வரும்போதெல்லாம் கோமதி இதையே பேசுவாள். திருநெல்வேலிப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. "ஏட்டி, தண்ணிக்குப் பிசுபிசுப்பு கம்மி. குழாய்க்குள்ள கொந்தளிச்சுப் புரண்டு ஓடும், சூட்டையெல்லாம் சுவர்ல கொண்டு சேர்க்கும். எண்ணெய் கெட்டி. அதே குழாய், அதே வேகம், ஆனா அலுங்காம வழுக்கிட்டுப் போவும். நடுவுல உள்ள சூடு நடுவுலயே கெடக்கும். இது இவனுவளுக்குப் புரியலையே!"

தண்ணீரில் தேறிய கருவி ஒன்று வாடிக்கையாளரிடம் போனதும் எண்ணெய் கொதித்து இயந்திரமே நின்றது. எங்கள் மேலாளர் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அங்கே போய் எண்ணெயை ஓடவிட்டு, குழாயில் பதித்த கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஓட்டம் எவ்வளவு சீரா இருக்கு மேடம், இன்னும் என்ன?" என்றார்.

"சீரா இருக்கதுதான் சார் வியாதியே!" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தினாள் கோமதி.

ஒரு பீப்பாய் எண்ணெய் கொடுங்கள், இங்கேயே சோதித்து அனுப்பலாம் என்று கேட்டாள். "எண்ணெய் நக்கோ மேடம், வேண்டாம், தரையெல்லாம் வழுக்கும்" என்றார் அவர். வருஷக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில். அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தணிவாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று திட்டியிருக்கிறேன். பிறகு நானே தணிவாகக் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் கிடைக்கவில்லை.

நேற்று இரங்கல் கூட்டம். "கோமதி மேடம் ரொம்ப அமைதி, யார்கிட்டயும் அதிர்ந்து பேச மாட்டாங்க" என்றார் மேலாளர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் கலைந்த கையோடு அடுத்த கருவிக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் வால்வை மூடினேன்.

"எண்ணெய் வராம இது தேறிச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் சார்!"

"என்ன மேடம், கோமதி மேடம் மாதிரியே கத்துறீங்க?" என்றார்.

ஆக, அவருக்கும் ஞாபகம் இருக்கிறது. கோமதியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கத்தலைத்தான். வால்வை இன்னும் திறக்கவில்லை.