ஆளில்லாத சட்டைகள்

சவுக்காரம் என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். அந்நிய ராணுவம் ஊருக்கு வெளியே முகாம் போட்ட வருஷம், மீசை முளைக்கும் முன்பே அதன் சலவைக்கூடத்தில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயே துவைத்துக்கொண்டிருந்தார். சண்டையும் முடிந்தபாடில்லை, அழுக்கும் முடிந்தபாடில்லை. அந்நியனுக்குத் துவைக்கிறவன் என்று முதுகுக்குப் பின்னால் ஏசியவர்கள்கூடக் காலையில் மாடியேறி முதலில் பார்ப்பது அவருடைய துணிக்கொடியைத்தான். பச்சைச் சட்டைகள் காய்ந்தால் ராணுவம் இருக்கிறது, மலையிலிருக்கும் ஆயுதக்காரர்கள் இறங்க மாட்டார்கள். வானிலை அறிக்கையை நம்பாத ஊர் அதை நம்பியது.

அன்று விடிகாலை ராணுவம் சத்தமில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பியது. இத்தனை வருஷத்தில் ஊர்ப் பேச்சைக் கற்றிருந்த கேப்டன், சவுக்காரத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இருந்தாலும் ஜனங்க சாகறாங்க, போனாலும் சாவாங்க. எது சரின்னு எனக்கே தெரியல. பசங்களை உயிரோட கொண்டு போகணும். சாயங்காலம் பாலத்தைத் தாண்டிடுவோம். அதுவரைக்கும் கொடியில துணி இருக்கட்டும்."

கொடி காலியானால் மலைக்காரர்கள் பள்ளத்தாக்குச் சாலையில் லாரிகளை மறித்துவிடுவார்கள். சவுக்காரம் தலையாட்டிவிட்டார். பையில் மிட்டாய்த்தாளை மறந்துவிட்டு அவரிடம் திட்டு வாங்கும் ஒல்லி சிப்பாய், லாரியிலிருந்து கையசைத்தான்.

விட்டுப்போன பழைய சட்டைகளைத் தனியாக உட்கார்ந்து துவைத்தார். எத்தனை கசக்கியும் தொட்டித் தண்ணீர் கலங்கவில்லை. உடுத்த ஆளில்லாத துணியில் அழுக்கேது? கூடாரங்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ரேடியோ யாருமில்லாத கட்டில்களுக்குச் செய்தி வாசித்தது. கொடியில் போட்ட சட்டைகள் காற்றில் உப்பின. மார்பு வந்தது, தோள் வந்தது, கைகள் எழுந்தன. ஒன்று பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டது. "யாருப்பா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

பயத்தோடு அக்காவின் நினைப்பும் வந்தது. போன வருஷம் மூடும்வரை முகாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அக்காவின் மகள். மலைக்காரர்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். துணி மறையும் நாளில் ஊரைவிட்டுப் போவது என்று அக்கா எப்போதோ முடிவு செய்திருந்தாள். ஊரின் மறுபக்கமாக வெளியே போகும் ஒரே பஸ் மதியம் கிளம்பிவிடும்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். அக்கா மாடியில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க போயிட்டாங்கக்கா. ரெண்டு பேரும் பஸ்ஸைப் புடிங்க."

அக்கா முகாமைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், சிரித்தாள்.

"வெயில்ல மூளை குழம்பிடுச்சாடா? அங்க பாரு, சட்டைக்குள்ள ஆளே நிக்குது."

அவரும் பார்த்தார். ஆள் நிற்பதாகத்தான் தெரிந்தது. ஒருவன் மெல்லத் திரும்பி இவர்கள் மாடியை நோக்கினான். வந்து பார் என்று கெஞ்சினார். கிட்டே போனால் காவல்காரன் சுட்டுவிடுவான் என்று அக்கா அசையவில்லை. அவருடைய கைவேலையே அவர் வாயை அடைத்துவிட்டது.

திரும்பி வந்து கொடியடியில் நின்றார். லாரிகள் பாதி வழிகூடப் போயிருக்காது. அக்கா மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்; அந்தச் சிப்பாய்ப் பிள்ளைகளின் கழுத்தளவு வரை அறிந்தவரும் அவரேதான். யாராவது உத்தரவு போட்டால் தேவலை என்றிருந்தது. உத்தரவு போடுகிறவர்கள் எல்லாம் லாரியேறிப் போய்விட்டார்கள். பாவிகள், இதை ஒரு சலவைக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் கிளிப்பை எடுத்தார். சட்டை அவர் கையில் துவண்டு விழுந்தது. பிறகு நிறுத்தவில்லை.

கொடி காலியானதும் ஊரின் மாடிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அக்கா, தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் பக்கம் ஓடுவது தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. நிம்மதியால் என்றுதான் நினைத்தார்.

அப்போது மலையில், பாறைகளுக்கு நடுவிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். ஒருவனும் ஊர்ப் பக்கம் இறங்கவில்லை. எல்லோரும் குறுக்குவழியாகப் பள்ளத்தாக்குச் சாலையை நோக்கி ஓடினார்கள்.

சவுக்காரம் அவசர அவசரமாக ஈரச் சட்டைகளை மறுபடி கொடியில் போட ஆரம்பித்தார்.