சகலைகள் தேய்த்த இரட்டைக் கதவு

சிதம்பரத்தில் இருபது வருடமாகக் கதவும் கட்டிலும் செய்யும் கொளஞ்சியப்பன் வேலையில் கெட்டிக்காரன். வயிற்றெரிச்சலில் அதைவிடக் கெட்டிக்காரன். எரிச்சல் முழுவதும் ஒரே ஆள்மீதுதான். மைத்துனியின் புருஷன், கடலூரில் பட்டறை வைத்திருக்கும் ராஜ்கமல்.

அண்ணாகிராமத்தில் மாமனார் சிங்காரம் புது வீடு கட்டினார். வாசலுக்குப் பலாமரத்தில் இரட்டைக் கதவு. மருமகன்கள் இருவருமே மரவேலைக்காரர்கள் என்பதால், ஆளுக்கொரு கதவைத் தேய்த்துப் பாலிஷ் போடச் சொல்லிவிட்டார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வரும் சனமெல்லாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்குமே என்று கொளஞ்சியப்பனுக்குத்தான் கவலை. தன் கதவு ஒரு மாற்றுக் குறைந்தாலும் ஆயுசுக்கும் பேச்சு.

மரம் தேய்க்கும் மெஷினில் அவன் ஒட்டுவது ஸ்டிக்கர் உப்புத்தாள். முதுகில் பசை இருக்கும். அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், உரித்தால் குப்பைக்குத்தான். ஒரே தாளில் நாள் முழுக்கத் தேய்ப்பவனுக்கு அது போதும், விலையும் குறைவு. ராஜ்கமலிடம் இருந்தது வெல்க்ரோ தாள். பிள்ளைகளின் செருப்புப் பட்டையைப்போல டர்ரென்று பிய்ப்பான், முரட்டுத்தாளை எடுத்து நைசுத்தாளை வைப்பான், வேண்டுமானால் பழையதையே திரும்ப மாட்டுவான். கொளஞ்சியப்பன் தன் தாளைச் சுரண்டி எடுப்பதற்குள் அவன் ஒரு சட்டத்தை முடித்திருந்தான். மாமியார் வேறு டீயை முதலில் அவனிடம் நீட்டினாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலை, யாரிடமும் சொல்லாமல் பண்ருட்டிக்குப் போய் வெல்க்ரோ தாள் வாங்கிவந்தான். அவன் மெஷினின் அடியோ வழவழப்பான ரப்பர். வெல்க்ரோ தாளின் துணி முதுகு அதில் எப்படி நிற்கும்? யோசனை கேட்டால் சகலையிடம் கேட்டதாகிவிடும். பசை தடவி ஒட்டினான். இரண்டு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சூட்டில் பசை இளகி, தாள் ஒருபக்கம் நழுவ, மெஷின் விளிம்பு நடுப்பலகையில் பிறைபோலத் தோண்டிவிட்டது.

மனைவி புஷ்பவள்ளி வந்து பார்த்தாள். "பொறாமையப் பசை போட்டு ஒட்டுனா இப்புடித்தான் ஆவும் மாமா. போய் அவுருகிட்டயே கேளு."

கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. ராஜ்கமலே வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

"அடியில இருக்குற பேடு மட்டுந்தாண்ணே வேற. எங்கிட்ட ஒண்ணு உபரியா இருக்கு. நாலு ஸ்க்ரூ, அவ்ளோதான்."

அவனே மாட்டியும் கொடுத்தான். கொளஞ்சியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, முரட்டுத்தாளில் தொடங்கி நைசுத்தாள்வரை, பள்ளம் மறைய முழுப்பலகையையும் தேய்த்து இறக்கினான். சாயங்காலத்துக்குள் பாலிஷும் ஏறிவிட்டது.

மறுநாள் மாமியாரின் அக்காள் சின்னம்மாள் இரண்டு கதவையும் தடவிப் பார்த்தாள். "எது யாரு செஞ்சதுன்னே தெரியலடி. ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கு."

எல்லோரும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"எடதுபக்கம் என்னுது," என்றான் கொளஞ்சியப்பன், கொஞ்சம் சத்தமாகவே. அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை.

ராஜ்கமல் மட்டும் நின்று, "ஆமாண்ணே, நல்லா வந்துருக்கு," என்றான். அதுவும் கொளஞ்சியப்பனுக்குப் பிடிக்கவில்லை.