அம்மா எடுத்த களை

ஊருக்குச் செல்போன் டவர் வந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு. அந்த வருடம்தான் நான் புல் நட்டேன். எங்கள் மலையூர் பூண்டியில் அதைவிடப் பெரிய கிறுக்குத்தனம் கிடையாது. ஊரே வெள்ளைப்பூண்டுக் காட்டில் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்க, பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கு மேலே இருந்த சரிவில் அதை நட்டுக்கொண்டிருந்தோம். இந்த மலையெல்லாம் முன்பு புல்வெளிதான், பிறகு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த வாட்டில் என்ற மரம் அதை மூடிவிட்டது, புல் திரும்பினால்தான் ஓடை வற்றாது என்பார் எங்கள் டீச்சர். வாட்டில் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, பாதையோரம் பிழைத்திருந்த மலைப்புல்லை வேரோடு பெயர்த்து வந்து நட வேண்டும். ஆளுக்கொரு துண்டு நிலம். என் துண்டில்தான் புல் முதலில் வேர் பிடித்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வீட்டில் செடி நடுகிறோம் என்றுதான் சொல்லியிருந்தேன். புல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கொடைக்கானலிலிருந்து வேறு பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவதாக ஏற்பாடு. விளக்கிச் சொல்வது நான். அன்று வெள்ளனே மேலே ஓடினால், அங்கே அம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். என் துண்டு பூண்டுப் பாத்தி மாதிரி சுத்தமாக இருந்தது. புல்லெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தது. அந்த வார மழைக்குப் பழைய வேரிலிருந்து முளைத்த வாட்டில் கன்றுகள் மட்டும் பத்திரமாக நின்றன.

"நாலு பேரு வர்ற எடம், புல்லு மண்டிக் கெடக்கேன்னு வெரசா எடுத்துட்டேன். மரக்கண்ணுல கையே வைக்கல" என்றாள் அம்மா.

"புல்லுதாம்மா நான் நட்டது! மரக்கண்ணுதான் களை!" என்று அழுதேன்.

அம்மா உட்கார்ந்து, ஈரம் காயாத அந்தப் புல்லை எடுத்துத் திரும்ப நடத் தொடங்கினாள். பூண்டு ஊன்றிப் பழகிய கை, நூல் பிடித்த மாதிரி வரிசையாக நட்டது. காட்டு வேலைக்குப் போன பெண்கள், "என்ன மதினி, புல்லு நடுறீங்களாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"எம்மக சொல்லுது, நடுறேன்" என்றாள் அம்மா.

வாட்டில் கன்றுகளிடம் வந்தபோது மட்டும் அவள் கை நின்றது.

"இதையுமா?"

"எல்லாத்தையும்."

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வேர் ஆழமாகப் போயிருக்கும், அதுதான் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்டில் ஒழிந்தால் மலை பிழைக்கும் என்று, வந்த பிள்ளைகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

இன்று அந்தச் சரிவெங்கும் புல். என் மூலையில் மட்டும் அது நேர்வரிசையில் நிற்கிறது. யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது அதைத்தான். எங்கள் அடுப்பில் எரிந்ததெல்லாம் வாட்டில் விறகு, அதைச் சுமந்து வந்தது அம்மாவின் தலை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.