சித்திக்கு ஒரு மாத்தாள்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி எங்கள் ஊர்ப் பக்கம், களையெடுக்க வருவதாக ஒப்புக்கொண்டவள் வர முடியாமல் போனால் தங்கையையோ பக்கத்து வீட்டுக்காரியையோ அனுப்பிவிடுவாள். அதற்குப் பெயர் மாத்தாள். அதில் யாரும் குற்றம் காண்பதில்லை. நானும் கண்டதில்லை. ஆனால் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, புருஷன் விட்டுப் போனபின் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிந்தும் அவளை அனுப்பவில்லை. ஜெயங்கொண்டத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் பேசும்போதெல்லாம் அழுகைதான். "அக்கா, என்னை எப்படியாச்சும் கூப்பிட்டுக்கக்கா. இங்க இருக்க முடியல. தூங்க வுட மாட்டேங்குறாங்க. எல்லாத்தையும் போன்ல சொல்ல முடியாதுக்கா." அம்மா ரிசீவரைப் பிடித்தபடியே பூத்துக்குள் உட்கார்ந்துவிடுவாள்.

சித்தியை அனுப்பிவைத்த ஏஜெண்டை அப்பா வீட்டுக்கு வரவழைத்தார். வெள்ளை வேட்டி, சென்ட் வாசனை, வாய் நிறைய வெற்றிலை. "விசா எடுத்துக் குடுத்த முதலாளிய அங்க கபில்னுவாங்க. பாஸ்போர்ட்டு அவருகிட்ட. அவரு கையெழுத்துப் போடாம தங்கச்சி ஏர்போர்ட் வாசல மிதிக்க முடியாது. செலவு பண்ணி எடுத்திருக்கேன், வேற ஆளைக் குடு, இவளை வுடறேங்கிறாரு" என்றான். ஒருத்தி தன் சொந்த ஊருக்குத் திரும்ப எவனோ கையெழுத்துப் போட வேண்டும் என்பதை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான்.

"அவ மனுஷியா, மாடா?" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? உள்ள போ" என்றார் அப்பா.

"மாத்தாளுதானே கேக்குறாங்க?" என்றாள் அம்மா. அத்தனை நாளும் காணாத நிம்மதி அவள் முகத்தில்.

ஏஜெண்டின் பார்வை என் மேல் வந்து நின்றது. "பாப்பா பிளஸ் டூ முடிச்சிருச்சில்ல? வயசு கம்மின்னு பாக்காதீங்க. பாஸ்போர்ட்ல வயசு நாம போடறதுதான்."

அம்மா எழுந்த வேகத்தில் காபி டம்ளர் உருண்டது. "என் பொண்ணு பேச்சை எடுத்தே, நாக்கை அறுத்துப்புடுவேன்! அந்தப் பாழுங்கெணத்துல என் புள்ளையத் தள்ளச் சொல்றியா?"

பாழுங்கிணறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் அடுத்த மூச்சிலேயே, "நம்ம கொல்லைக்காட்டுல களையெடுக்குறாளே, காலனித் தெருக்காரி, புருஷன் செத்தவ. அவளக் கேட்டா போவா" என்றாள். ஏஜெண்ட் தலையாட்டினான். சீ! பெற்றவள் என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கேட்டார்கள். பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் கிளம்பினாள். வழியனுப்பும் நாளில் எங்கள் வீட்டில் விருந்து. அதுவரை கொல்லைப்புறம் தாண்டாதவளைக் கூடத்தில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புதுப்புடவை எல்லாம் வைத்துக் கொடுத்தாள் அம்மா, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. ஏஜெண்ட் பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தான். எனக்கு அந்தச் சோற்றில் கை வைக்கக் கூசியது.

குழாயடியில் கை கழுவ வந்தவளிடம் சொல்லியே விட்டேன். "போவாதக்கா. சித்தி அங்கேருந்து அழுவுது. அங்க ஏதோ கொடுமை நடக்குது."

அவள் சிரித்தாள். "வூட்ட வுட்டுப் போனா யாருதான் அழுவ மாட்டாங்க பாப்பா? உங்க சித்தி இருந்த எடம். கெட்ட எடமா இருந்தா உங்கம்மா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்களா?"

பின்னால் வந்து நின்ற அம்மா, "அது சின்னப் புள்ள, எதையாச்சும் உளறும். நீ கெளம்பு" என்றாள்.

அடுத்த மாதமே சித்தி வந்து இறங்கினாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். அம்மா கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன், அது பொய்யில்லை. சாப்பிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "அந்த அக்காவைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். ஒரு நாள் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம். அடுப்பு, துணி எல்லாம் காட்டிக் குடுத்தேன்" என்றாள் சித்தி. "படுக்குற ரூமுக்குத் தாப்பா கெடையாது. அந்த வூட்டுப் பெரிய மவன் வருவான். அரிசி மூட்டையைக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அதையாச்சும் சொன்னியே. நல்ல மனசுடி உனக்கு."