பாராட்டு விழாவில் மாட்டிக்கொண்டவர்

எங்கள் கல்லூரியில் முன்னாள் மாணவர்களுக்கான பாராட்டு விழா. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சாமளாபுரத்தில் விசைத்தறிக்காரர்களின் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஓட்டப் பயிற்சி தருகிறவர். வெயிலில் கறுத்த ஒல்லியான உடம்பு. கழுத்தில் தொங்கிய விசிலை விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன.

"ஏனுங்க, இன்னும் ரொம்ப நேரம் ஆகுமுங்களா?" என்று கேட்டார். "பல்லடத்துல நம்ம புள்ள ஒண்ணுக்கு ஓட்டப்பந்தயமுங்க. நான் பக்கத்துல நின்னாத்தான் புள்ளைய ஓட உடுவேன்னு அவங்கப்பன் சொல்லிப்போட்டாருங்க."

"அப்பக் கெளம்புங்க சார்" என்றேன்.

இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் கல்லூரி முதல்வர் மேடையிலிருந்து சிரித்தபடியே உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். சிறப்பு விருந்தினர் சமூக சேவையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

பக்கத்தில் இருந்தவருடைய போன் அதிர்ந்தது. குனிந்து கேட்டவர், அதை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அவங்கப்பன் காத்துப் பாத்துட்டு, புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருங்க."

அப்போதுதான் அவர் பெயரை அழைத்தார்கள். மேடையேறிப் பொன்னாடைக்குக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.