நிலவறையில் ஒரு பேருந்து

எங்கள் முதியோர் இல்லத்தில் அவரைக் கண்டக்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். போர் வந்து பேருந்துகளை ராணுவம் எடுத்துக்கொண்டபோது அவருக்கு வேலை போயிற்று. மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் வந்தார். விசிலை மட்டும் டிப்போவில் ஒப்படைக்கவில்லை.

அபாயச் சங்கு ஊதும்போது இவர்களை நிலவறைக்கு இறக்குவதுதான் இங்கே உயிர் போகிற வேலை. குண்டு விழப்போகிறது என்றால் நடுங்கிப்போய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொள்வார்கள். தூக்கினால் கடிப்பார்கள். அக்கா வந்த வாரமே நிலவறை பெஞ்சுகளை இரண்டு வரிசையாக, நடுவில் வழிவிட்டுப் போட்டார். சங்கு ஊதியதும் படிவாசலில் நின்று விசில் அடித்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! கடைசி வண்டி! படியில நிக்காதீங்க, உள்ள நிறைய இடம் இருக்கு!"

தன் பெயரை மறந்தவர்கள், பெற்ற பிள்ளையை மறந்தவர்கள், எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

மேலே வெடிக்கும், சுவர் அதிரும். "டிரைவர் குடிச்சிருக்கானா?" என்று ஒரு பெரியம்மா அதட்டுவார்.

"அவன் நல்லாத்தான் ஓட்டறான். ரோடுதான் குடிச்சிருக்கு" என்பார் அக்கா.

பிறகு ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவுவார்: மணிக்கூண்டு, மார்க்கெட், தண்ணீர்த்தொட்டி. மேலே அவற்றில் பாதி இல்லை. கீழே எல்லாம் இருந்தன. ஆபத்து நீங்கியதும், "உங்க ஸ்டாப்பு வந்தாச்சு, இறங்குங்க" என்று படியேற்றி விடுவார்.

அதில்தான் ஒரு நாள் பிசகு நேர்ந்தது. அன்று காலை, காயம்பட்டவர்களுக்குப் போர்வை வாங்க வந்தவர்கள் வாசலைத் திறந்துபோட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று நம்பி, நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம் என்றதும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"நான்தானே இறக்கி விட்டேன். அவர் வீடு தண்ணித்தொட்டி ஸ்டாப்புல, அங்கதான் போயிருப்பாரு. அடுத்த சங்குக்குள்ள புடிக்கணும், வா."

மற்றவர்களைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு நானும் கூட ஓடினேன்.

தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஒரு பக்கம் முழுக்கச் செங்கல் குவியல். அதில் ஒரு குவியலின் முன் அவர் கைகட்டி நின்றிருந்தார். அந்த வீடு விழுந்தபோது அவர் மனைவி உள்ளே இருந்தார். இவர் பால் வாங்கப் போயிருந்தார். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கு நினைவில்லை.

"ஐயா, வாங்க. வண்டி கெளம்புது."

"இரும்மா, அவ வரட்டும். சேலை மாத்தப் போனான்னா ஒரு யுகம்."

"அவங்க அடுத்த வண்டில வரட்டுமே."

"தனியா வரமாட்டா, பயந்தவ." குனிந்து செங்கல் இடுக்கில் காதை வைத்தார். "தோ வரேங்கறா."

சங்கு ஊதியது. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் செங்கல்லைக் கட்டிக்கொண்டார். அக்கா கையை விட்டுவிட்டு, குவியலைப் பார்த்துக் கூவினார்.

"அம்மா, சீக்கிரம் வாங்க! உங்களுக்காகத்தான் வண்டி நிக்குது!"

கூவிவிட்டு, ஒரு ஆள் கடந்துபோகும் அளவுக்கு ஒதுங்கி நின்றார். தபால்காரரும் ஒதுங்கினார். காற்றே இல்லை. ஆனாலும் செங்கல்தூள் கொஞ்சம் சரசரவென்று சரிந்தது.

"பாத்து, பாத்து. படி உயரம்" என்று அவர் வெறும் வெளியில் இடக்கையைக் கொடுத்துத் தாங்கினார்.

திரும்பும் வழியில் எங்களை ஓடவிடவில்லை. ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்றார். ஆளில்லாத தெருவில், சங்கு அலறிக்கொண்டிருக்க, நாங்கள் மெல்ல நடந்தோம். அக்கா ஒரு முறைகூட அவருடைய இடப்பக்கம் போகவில்லை.

அதன்பின் நிலவறையில் நிறுத்தங்களின் பெயரை அக்கா சொல்வதில்லை. கேட்டால், "இது நடுவுல எங்கயும் நிக்காத வண்டி" என்பார்.

"அப்ப எங்கதான் போகுது?"

"நீங்க ஏறுன இடத்துக்கே."

தபால்காரர் சுவரோர இடத்தை விட்டுவிட்டு உட்காருவார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாள் அங்கே உட்காரப் போனார். அன்று நல்ல கூட்டம், வேறு இடமில்லை. தபால்காரர் தலைசாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார், ஆட்சேபிக்க யாருமில்லை.

கண்டக்டரக்காதான் வரிசைகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து அந்த அம்மாளின் தோளைப் பிடித்தார்.

"அங்க ஆள் இருக்காங்கம்மா."